டேவிஸ் கோப்பையின் கதை: 1966 – கல்கத்தா முதல் கூயாங் வரை

1966 டேவிஸ் கோப்பைப் பருவம் தொடங்கியபோது கோப்பை ஆஸ்திரேலியாவிடம் இருந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. 1950 முதல் 1965 வரையிலான 16 போட்டிகளில் 13 முறை வென்றது அந்த நாடுதான். 1954, 1958, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும் அமெரிக்கா அதைப் பறித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா திருப்பி வாங்கிக்கொண்டது.

இந்த நீண்ட ஆதிக்கத்துக்குத் திறமை ஒரு காரணம். போட்டியின் அமைப்பு இன்னொரு காரணம். அன்றைய டேவிஸ் கோப்பை இன்றைய நாக்-அவுட் போட்டிகளைப் போன்றதன்று. முந்தைய ஆண்டு வென்ற நாடு தகுதிச் சுற்றுகள் எதிலும் ஆட வேண்டியதில்லை. அது தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். மற்ற நாடுகள் மண்டலம் மண்டலமாகப் பிரிந்து ஆண்டு முழுவதும் தங்களுக்குள் மோதும். மண்டல வெற்றியாளர்கள் மறுபடியும் தங்களுக்குள் மோதுவார்கள். கடைசியில் மிஞ்சும் ஒரே ஒரு நாடு சாம்பியனின் வாசலுக்கு வந்து நிற்கும். அந்தக் கடைசி மோதலுக்குப் பெயர் சேலஞ்ச் ரவுண்ட், அதாவது சவால் சுற்று. இடம் சாம்பியனின் ஊர், தரை சாம்பியனுக்குப் பழகிய தரை. ஆஸ்திரேலியாவில் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கோடை உச்சத்தில் தொடங்கும். வெளியூர் அணி பல மாதம் அலைந்து களைத்து வந்து சேரும்போது வீட்டுக்காரர்கள் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இறங்குவார்கள். நியாயமான ஏற்பாடு என்று இதை யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் 1900-இல் போட்டி தொடங்கியதற்குச் சில ஆண்டுகளிலேயே வேரூன்றிவிட்ட இந்த முறை 1971 வரை நீடித்தது.

அன்றைய மோதலின் உள்கணக்கு எளிமையானது. மூன்று நாட்கள், ஐந்து ஆட்டங்கள். முதல் நாள் இரண்டு ஒற்றையர், இரண்டாம் நாள் ஓர் இரட்டையர், மூன்றாம் நாள் எதிராளிகள் மாறி மீண்டும் இரண்டு ஒற்றையர். மூன்று ஆட்டங்களை வென்ற நாடு மேலே போகும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்து, அவருக்கு இரட்டையரில் கைகொடுக்கத் தகுந்த துணையும் அமைந்துவிட்டால், அந்த ஒருவரே இரண்டு ஒற்றையரையும் இரட்டையரில் பாதியையும் தோளில் சுமந்து நாட்டைக் கரைசேர்க்கலாம். ஆட்டக்காரர்கள் ஏராளமாக உள்ள பெரிய நாடுகளை ஆள் பஞ்சமுள்ள நாடுகள் அவ்வப்போது வீழ்த்தியது இந்தக் கணக்கால்தான். 1966-இல் இந்தியா போன தூரத்தையும், எட்ட முடியாமல் நின்ற தூரத்தையும் இதே கணக்கை வைத்து அளக்கலாம்.

இந்தியா டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 1921-இல். பாரிஸில் பிரான்ஸை வென்றுவிட்டு, அடுத்த சுற்றில் ஜப்பானிடம் தோற்றது. அந்த ஜப்பான் அணி அப்படியே சவால் சுற்றுவரை ஏறிப் போய் அமெரிக்காவிடம் தோற்றது. அதற்குப் பிறகு 45 ஆண்டுகள் எந்த ஆசிய நாடும் அந்தப் படியை மிதிக்கவில்லை. இந்தியா மட்டும் அதன் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போனது. 1950-களின் நடுவில் கீழை மண்டலம் என்று தனியாக ஒன்றை உருவாக்கிய பின், ஐரோப்பிய நாடுகளோடு முட்டி மோதித்தான் முன்னேற வேண்டும் என்ற நிலை மாறியது. 1956-இல் மண்டலங்களுக்கு இடையிலான இறுதிச் சுற்றில் பெர்த் நகரில் அமெரிக்காவிடம் தோல்வி. 1959-இல் அதே கட்டத்தில் பாஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. 1962-இல் சொந்த ஊரான சென்னையிலேயே மெக்ஸிகோவிடம் 0-5. 1963-இல் பம்பாயில் அமெரிக்காவிடம் மறுபடியும் 0-5. 1965-இல் பார்சலோனாவில் ஸ்பெயினிடம் தோல்வி. சவால் சுற்றுக்கு ஒரே ஒரு படி பாக்கியிருக்கையில் ஐந்து முறை கதவு சாத்தப்பட்டது. இவற்றுள் சென்னைத் தோல்விதான் மிகவும் உறுத்தியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் இல்லை, பழகாத வெயில் இல்லை, காரணம் சொல்ல எதுவும் இல்லை.

அந்தப் பத்தாண்டு முழுவதும் இந்திய அணியின் அச்சாணி ராமநாதன் கிருஷ்ணன். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். குடும்பத்துக்குப் பூர்வீகம் தென்காசி. தந்தை டி. கே. ராமநாதன் தாமே ஆட்டக்காரர், மகனுக்கு ஆசானும் அவரே. கல்லூரி மாணவர்களுக்கென்று இருந்த பெர்ட்ராம் போட்டியில் பள்ளி மாணவராக இருந்த கிருஷ்ணன் கலந்துகொள்ள சென்னை லயோலா கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்ததும், பையன் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனதும் சென்னை டென்னிஸ் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டம் ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். முதல் ஆண்டு நீல் ஃப்ரேசரிடமும் மறு ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1961 காலிறுதியில் அவரிடம் 6-1, 6-4, 6-4 என நேர் செட்களில் தோற்றவர் ராய் எமர்சன். இந்தக் கடைசி ஸ்கோரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, 1966 சவால் சுற்று நடந்த மெல்போர்னின் கூயாங் அரங்கில் தேவைப்படும்.

கிருஷ்ணனின் ஆட்டத்தில் பலம் குறைவு என்று பேசுவது அக்கால வழக்கம். அதில் பாதி உண்மை. அவருடைய சர்வ் யாரையும் மிரட்டக்கூடியதன்று. ஆனால் பந்து மட்டையில் படும் கணத்தில் மணிக்கட்டு செய்யும் சிறு வேலையால் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கத் தெரிந்தவர் அவர். வலையை நோக்கி ஓடிவருபவரின் காலடியில் தாழ்ந்து விழும் ரிட்டர்ன், பின்னங்கோட்டருகில் போய் இறங்கும் லாப், அடிக்கப் போவது போலப் பாவனை காட்டி வலையோரம் சொட்டவிடும் ட்ராப் ஷாட் எல்லாம் அவர் கைவசம். ஆங்கில விமர்சகர்கள் அதை டச் டென்னிஸ் என்றார்கள். புல்தரையில் வேகத்தை நம்பி ஆடுபவர்களுக்கு எதிராக அந்த வேகத்தையே கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஆட்டம் என்று அதைச் சொல்லலாம்.

துணைக்கு இருந்த இருவரும் கல்கத்தாக்காரர்கள். ஜெய்தீப் முகர்ஜியா 1960-இல் விம்பிள்டன் சிறுவர் இறுதிப் போட்டிவரை போனவர். 1966-இல் அவருக்கு வயது 24. வலுவான உடல், கிருஷ்ணனைவிட வேகமான அடி. பிரேம்ஜித் லால் அதே சிறுவர் இறுதியை 1958-இல் ஆடியவர். சில ஆண்டுகள் கழித்து, 1969 விம்பிள்டனில் லேவரை முதல் இரண்டு செட்களில் வீழ்த்தித் திகைக்க வைத்தவர். ஆக இந்திய அணியின் மூவருமே விம்பிள்டன் சிறுவர் இறுதியை ஆடியவர்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு உலகத் தரத்தில் மூன்றே பேர்தானா என்று கேட்கலாம். அதுதான் நிலைமை. மோதலின் முக்கியமான பாரத்தை எப்போதும் இருவரே சுமந்தார்கள்.

1966-இல் கீழை மண்டலத்தை ஜப்பானை வென்று இந்தியா கைப்பற்றியது. இந்தக் கட்டம் அப்போது இந்தியாவுக்கு ஏறக்குறைய பழகிய பாதையாகிவிட்டிருந்தது. இதைத் தாண்டிய பிறகுதான் ஆண்டின் உண்மையான ஆட்டம் தொடங்கும். அடுத்த எதிரி மேற்கு ஜெர்மனி. மோதல் புது டெல்லியில் நடந்தது. வில்ஹெல்ம் புங்கர்ட், இங்கோ பூடிங் இருவரும் எளிதாக விட்டுக்கொடுப்பவர்கள் அல்லர். புங்கர்ட் அதற்கடுத்த ஆண்டே விம்பிள்டன் இறுதிப் போட்டியில் நின்றவர். இந்தியா 3-2 என்று தப்பித்தது. மண்டலங்களுக்கு இடையிலான இறுதிச் சுற்றுக்கு, ஐந்து முறை சாத்தப்பட்ட அதே கதவுக்கு, ஆறாவது முறையாக வந்தாயிற்று.

எதிரே வரவேண்டியது அமெரிக்கா என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. வந்தது பிரேசில். ஐரோப்பிய மண்டலத்தின் ஒரு பாதியை வென்று வந்த பிரேசில் அணி, போர்ட்டோ அலெக்ரே நகரில் அமெரிக்காவை 3-2 என வெளியேற்றியது. அந்த அணியும் இந்தியாவைப் போலவே இரண்டு ஆட்களின் அணி. எடிசன் மாந்தாரினோ, வயது 25, களிமண் தரையில் பொறுமையாக மல்லுக்கட்டும் வலக்கை ஆட்டக்காரர். தோமாஸ் கோஹ், போர்ட்டோ அலெக்ரேயின் மைந்தர், வயது 21, இடக்கைக்காரர். இளைஞர், பயமறியாதவர், வலையோரம் துணிந்து வருபவர். இடக்கைக்காரரின் சர்வ் வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் வளைந்து வெளியே இழுக்கும். அதைத் தடுத்து நிறுத்தவே எதிராளி கோர்ட்டை விட்டு வெளியே போக வேண்டியிருக்கும். புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்குவதால் அந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

மோதல் டிசம்பர் தொடக்கத்தில் கல்கத்தாவில், உட்பர்ன் பார்க்கில் உள்ள சவுத் கிளப்பில் நடந்தது. 1920-இல் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்பின் புல்தரைகள் இந்தியாவிலேயே சிறந்தவை என்று பெயர் பெற்றவை. முகர்ஜியாவும் லாலும் ஆடி வளர்ந்த ஊர் அது. களிமண்ணில் பழகிய பிரேசில்காரர்களுக்கு அங்கே ஆடுவது சுலபமில்லை. டெல்லிக்கு வெளியே தொலைக்காட்சி இல்லாத காலம். நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இந்த மோதல் வானொலியாகவும் மறுநாள் காலை நாளிதழாகவும்தான் போய்ச் சேர்ந்தது.

நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு 2-2. ஐந்தாவது, கிருஷ்ணனும் கோஹும். சவால் சுற்றுக்காக மெல்போர்னுக்கு யார் போவது என்பது அந்த ஒரு கோர்ட்டில் வந்து நின்றது.

முதல் செட்டை கோஹ் 6-3 என எடுத்தார். இரண்டாவதை கிருஷ்ணன் 6-4 என மீட்டார். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. அன்று டை-பிரேக்கர் கிடையாது. டேவிஸ் கோப்பைக்கு அது வந்தது 1989-இல்தான், அப்போதும் கடைசி செட்டுக்கு விதிவிலக்கு இருந்தது. எனவே இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். 6-6, 7-7 என்று ஏறிக்கொண்டே போகும். டிசம்பரில் கல்கத்தாவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் என்பதையும் சேர்த்து நினைத்தால், இத்தகைய செட் ஒன்று இருவரின் நரம்பையும் என்ன பாடு படுத்தியிருக்கும் என்பது புரியும். 22 கேம்களுக்குப் பிறகு அது 12-10 என கோஹுக்குப் போனது. 29 வயது கிருஷ்ணன், 21 வயது இளைஞனிடம் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கினார். மட்டை மரத்தாலானது, ஒவ்வொரு அடியின் பாரமும் தோளில்தான் இறங்கும். மூன்று நாட்களாக அதே தோள்தான் ஆடிக்கொண்டிருந்தது.

நான்காவது செட்டில் கோஹ் 5-2 என முன்னால் போனார். பிரேசிலுக்கு இன்னும் ஒரே ஒரு கேம் தேவை. டென்னிஸில் 5-2 என்பது பெரும்பாலும் முடிந்த கதை. மைதானத்தில் இருந்தவர்கள் மெக்ஸிகோவையும் ஸ்பெயினையும் நினைத்துக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது.

அந்த ஒரு கேம் கோஹுக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த ஐந்து கேம்களையும் கிருஷ்ணன் வரிசையாக எடுத்து நான்காவது செட்டை 7-5 என முடித்தார். ஐந்தாவது செட்டில் எட்டு கேம்களில் ஆறு அவருடையவை, 6-2. ஆக 2-5 என்று தொங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கடைசிவரை ஆடிய 13 கேம்களில் 11 கிருஷ்ணனுக்கு. மொத்த ஸ்கோர் 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. மொத்தம் 61 கேம்கள். இந்தக் கடைசி 13 கேம்களில் என்ன மாறியது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லலாம். தோல்வி நிச்சயம் என்று ஆனபின் ஒரு ஆட்டக்காரர் அடையும் விடுதலை ஒன்று. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் இளையவருக்கு வரும் இறுக்கம் மற்றொன்று. மிக எளிய விளக்கமும் உண்டு. மணிக்கட்டை நம்பி ஆடுபவருக்குச் சோர்வு வந்தாலும் ஆட்டத்தின் தரம் அவ்வளவாகக் குறையாது. வேகத்தை நம்பி ஆடுபவருக்குக் கால் ஓய்ந்தால் எல்லாமே ஓய்ந்துவிடும். இந்திய டென்னிஸின் ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து வைக்கச் சொன்னால் பழைய தலைமுறையில் பெரும்பாலோர் இன்னும் இதையே எடுத்து வைப்பார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு இடம் ஒதுக்கப்படாததற்கும் அதுவே காரணம்.

இந்தியா 3, பிரேசில் 2. 1921-க்குப் பிறகு ஓர் ஆசிய நாடு சவால் சுற்றில். மெல்போர்ன் ஆட்டத்துக்கு இருந்த அவகாசம் ஏறக்குறைய மூன்று வாரம்.

அங்கே காத்திருந்தவர் ஹாரி ஹாப்மன். ஆட்டத்தில் இறங்காத தலைவராக ஆஸ்திரேலிய அணியின் அருகில் நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் உடற்பயிற்சியிலிருந்து தூங்கும் நேரம்வரை கண்காணித்தவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய கெடுபிடி அத்தனை பேருக்கும் பிடித்ததில்லை. அதன் பலனை மறுக்கவும் யாராலும் முடிந்ததில்லை. அக்காலத்தில் டேவிஸ் கோப்பை அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியது. ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் அவருக்குக் கோப்பையின் கதவு அடைபட்டது. ஹாப்மன் வளர்த்துவிட்ட செட்ஜ்மன், ஹோட், ரோஸ்வால், லேவர் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அப்படிப் போனவர்கள்தான். ஒவ்வொரு முறையும் ஹாப்மன் அடுத்த ஆளை எடுத்து நிறுத்தினார். மற்ற நாடுகளுக்கு ஒரு லேவர் போனால் பத்தாண்டு இருட்டாகியிருக்கும். ஆஸ்திரேலியாவில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கிருஷ்ணனுக்கும் ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது உண்டு. அவர் போகவில்லை. போயிருந்தால் 1966 என்ற கதையே இல்லை.

1966-இல் ஹாப்மனிடம் நான்கு பேர் இருந்தார்கள். ராய் எமர்சன், 30 வயது, அதுவரை 10 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவர். ஃப்ரெட் ஸ்டோல், 28 வயது, விம்பிள்டன் இறுதியில் தொடர்ந்து மூன்று ஆண்டு தோற்றதற்குப் பெயர் போனவர் என்றாலும் அதே 1966-இல் அமெரிக்கச் சாம்பியன். ஒற்றையருக்கு இந்த இருவர். இரட்டையருக்கு முற்றிலும் வேறு ஜோடி: 22 வயது ஜான் நியூகோம், 21 வயது டோனி ரோச். ரோச் அந்த ஆண்டின் பிரெஞ்சு சாம்பியன். இருவரும் சேர்ந்து 1965 விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள். தொடக்கத்தில் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். கிருஷ்ணனும் முகர்ஜியாவும் மூன்று நாளும் ஆடவேண்டியவர்கள். எமர்சனும் ஸ்டோலும் இரண்டாம் நாள் ஓய்வெடுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

டிசம்பர் 26, கூயாங். மெல்போர்னின் அந்தப் புறநகரில் 1927-இல் திறக்கப்பட்ட குதிரைலாட வடிவ அரங்கு. முதல் நாள் இந்தியாவுக்கு ஆறுதலான எதுவும் நடக்கவில்லை. ஸ்டோல் கிருஷ்ணனை 6-3, 6-2, 6-4 என்று வென்றார். உயரமானவரின் சர்வும் தரையின் வேகமும் சேர்ந்துகொண்டதில், காலடியில் பந்தை வைக்கும் வித்தைக்கு இடமே கிடைக்கவில்லை. எமர்சன் முகர்ஜியாவை 7-5, 6-4, 6-2 என்று வென்றார். இரண்டு ஆட்டம், ஆறு செட், ஒன்றுகூட இந்தியாவுக்கு இல்லை. மறுநாள் இரட்டையரோடு கோப்பை முடிவாகிவிடும் என்பதே எல்லாருடைய கணிப்பும். விம்பிள்டன் வென்ற ஜோடிக்கு எதிராக, முதல் நாள் ஒற்றையரில் அடிபட்ட இருவர்.

முதல் செட் கணிப்பின்படியே போனது, 6-4. இரண்டாவது செட்டில் ஆட்டம் திரும்பியது. இரட்டையர் ஆட்டத்தில் நால்வரும் வலையை நோக்கி ஓடுவதே ஆஸ்திரேலியப் பாணி. சர்வ் செய்தவர் ஓடி வந்து முதல் வாலியை அடித்து முடிக்க வேண்டும். அந்த வாலி இடுப்புக்கு மேல் வந்தால் நியூகோமையும் ரோச்சையும் தடுக்க அன்று உலகில் ஆளில்லை. முழங்காலுக்குக் கீழே வந்தால் அவர்களும் மனிதர்கள்தான். பந்தை மேல்நோக்கித் தூக்கிவிட வேண்டும், தூக்கிவிட்ட பந்துக்கு எதிர்ப்பக்கம் முகர்ஜியா காத்திருப்பார். ஒற்றையரில் கிருஷ்ணனைக் கைவிட்ட தாழ்ந்த ரிட்டர்னுக்கு, பாதிக் கோர்ட்டை மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டிய இரட்டையரில் மதிப்பு கூடும். வேகத்துக்கு ஒருவர், நுணுக்கத்துக்கு ஒருவர் என்று பொருந்திவிட்ட ஜோடி அது. 7-5, 6-4, 6-4. நான்கு செட்களில் ஆடிய 42 கேம்களில் 23 இந்தியாவுக்கு. விளிம்பு மெலிதுதான், வெற்றி வெற்றிதான். கோப்பையின் முடிவு மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போனது. ஹாப்மனின் அணி சவால் சுற்றில் சொந்த மண்ணில் இரட்டையரைத் தோற்கும் என்று கூயாங்குக்கு டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

மூன்றாம் நாள் கிருஷ்ணனுக்கு எதிரே எமர்சன். 1961 விம்பிள்டனில் கிருஷ்ணனிடம் ஒன்பது கேம்களை மட்டும் எடுத்து வெளியேறியவர். ஐந்தரை ஆண்டு இடைவெளியில் எல்லாம் மாறியிருந்தது. எமர்சனின் உடல் தகுதி டென்னிஸ் உலகில் பழமொழி போல ஆகியிருந்தது; முந்தின நாள் முழு ஓய்வு வேறு. முதல் செட் 6-0. இரண்டாவது 6-2. 14 கேம்களில் கிருஷ்ணனுக்கு இரண்டு. அடுத்ததும் அப்படியே போய் அரை மணியில் முடிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மூன்றாவது செட்டில் கிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். 18 கேம்கள் நடந்த பின்னர்தான் 10-8 என எமர்சன் முடித்தார். ஆஸ்திரேலியா 3, இந்தியா 1. கோப்பை இடம் மாறவில்லை.

அத்துடன் முடிவு தெரிந்துவிட்டாலும் ஐந்தாவது ஆட்டத்தை ஆடியே ஆகவேண்டும். இத்தகைய ஆட்டங்களைக் கடமைக்கு ஆடிவிட்டு எழுந்து போவது சாதாரணம். முகர்ஜியா அப்படி ஆடவில்லை. அமெரிக்கச் சாம்பியன் ஸ்டோலை ஐந்து செட் நிறுத்தினார்: 7-5, 6-8, 6-3, 5-7, 6-3 என ஸ்டோலுக்கு வெற்றி. முதல் நாள் ஒரு செட்டும் எடுக்க முடியாத அணி, கடைசி நாளின் கடைசி ஆட்டத்தில் இரண்டு செட் எடுத்தது. முடிவான கணக்கு ஆஸ்திரேலியா 4, இந்தியா 1.

அதற்கு முந்தைய ஆண்டு இதே சவால் சுற்றில் சிட்னியில் ஆடிய ஸ்பெயினும் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்றுதான் தோற்றது. சந்தானா என்ற உலகத் தர ஆட்டக்காரரை வைத்திருந்த ஸ்பெயினும் ஓர் ஆட்டத்துக்கு மேல் எடுக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இந்தியாவின் கணக்கு தாழ்ந்ததன்று. ஒரு நல்ல ஆட்டக்காரர் மூன்று ஆட்டங்களைச் சுமப்பது என்ற உத்தி நான்கு சாம்பியன்கள் உள்ள அணியிடம் செல்லுபடியாகவில்லை, அவ்வளவே. கிருஷ்ணனுக்கு 1967-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. பத்மஸ்ரீ 1962-இலேயே வந்திருந்தது.

ஆஸ்திரேலியா மறு ஆண்டும் பிரிஸ்பேனில் ஸ்பெயினை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதற்குள் ஸ்டோல் தொழில்முறைக்குப் போய்விட்டார். 1968-இல் எமர்சன், நியூகோம், ரோச் மூவரும் அதே வழியில் போனார்கள். விம்பிள்டன் அந்த ஆண்டே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. டேவிஸ் கோப்பை 1973 வரை திறக்கவில்லை. வரிசையில் அடுத்த ஆளை எடுத்து நிறுத்த ஹாப்மனிடம் இந்த முறை போதிய ஆள் இல்லை. 1968 டிசம்பரில் அடிலெய்டில் ஆர்தர் ஆஷும் கிளார்க் கிரேப்னரும் இடம்பெற்ற அமெரிக்க அணி 4-1 என்று வென்று கோப்பையைத் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றது.